இடப்பக்கச் சிக்னல் திருத்தியாயிற்று, அக்கா

என் அன்பு அக்கா,

காரின் இடப்பக்கச் சிக்னல் இப்போது எரிகிறது. உங்களிடம் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மற்றப் புதினம், செய்தி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அது பழுதாகி எத்தனை வருடம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. நீங்கள் ஸ்டியரிங்கில், நான் இடப்பக்கச் சீற்றில், அம்மா பின்னால். "தங்கச்சி, கை" என்பீர்கள். நான் கையை வெளியே நீட்டுவேன், கார் இடப்பக்கம் திரும்பும். மழையென்றாலும் தப்ப முடியாது. பிளவுஸ் கை நனைந்தபடியே போய்ப் பாடம் எடுத்திருக்கிறேன். திருத்தினால் என்ன என்று கேட்டால், "நீ இருக்கிறாய்தானே" என்று சிரிப்பீர்கள்.

இப்போது ஸ்டியரிங்கில் நான். நீங்கள் போனபிறகு, தலை நரைத்த வயதில் லைசன்ஸ் எடுத்தவள். இடப்பக்கத்தில் அம்மா. பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடக்கை மடியைவிட்டு எழும்புவதில்லை. அப்படியென்றால் யார் கை நீட்டுவது?

போன மாதம் கிளினிக் முடிந்து வரும்போது ஓர்ஸ் ஹில்லில் நம் வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பினேன். இடப்பக்கத்தால் முந்த வந்த மோட்டார் சைக்கிள் கதவில் உரசி விழுந்தது. ஓட்டிவந்தவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆண்டவர் காத்தார். "சிக்னல் போடத் தெரியாட்டி ஏன் அன்ரி றோட்டுக்கு வாறியள்?" என்று கத்தினார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா நேரே பார்த்தபடி, "மூத்தவள் எண்டா இப்பிடி ஓடமாட்டாள்" என்றார். அம்மாவின் நாக்கில் மட்டும் வாதம் இல்லை, அக்கா.

செய்தி கனடாவுக்கு எட்டியது. தம்பி அன்றே கோல் எடுத்தான்.

"சின்னக்கா, காரை வித்துப்போட்டு அம்மாவைக் கொழும்பில ஒரு முதியோர் ஹோமில விடுவம். ஆட்டோவில அவவை ஏத்தி இறக்கேலாது. இன்னொருக்கா இப்பிடி நடந்தா என்ன செய்வியள்?"

"சிக்னலைத் திருத்திப் பாக்கிறன்."

"திருத்தேலாட்டி?"

அடுத்த அறையில் அம்மா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அன்று இடியப்பத்தைத் தொடவில்லை.

நசீர் நானாவிடம் காரைக் கொண்டுபோனேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து துறைமுகப் பக்கம் சின்ன கராஜ் வைத்து, வாகன வயரிங் செய்கிறவர். பல்பு கருகியிருந்தது, மாற்றினார். எரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு எரிகிறதா என்று நான் எப்படி அறிவது? பின் சிக்னலை ஓட்டுகிறவளால் பார்க்க ஏலாது. பின்னால் ஒருவர் நின்று சொல்லவேண்டும். எனக்குப் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள்? பொழுதுபடும் நேரம் காரை வெள்ளை மதிலோடு ஒட்டிப் பின்னுக்கு எடுத்து, ஹெட் லைட்டோடு சிக்னலையும் போட்டு, கண்ணாடியில் மதிலைப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் இல்லை. திரும்பவும் கராஜ். இன்னொரு சாமானை மாற்றினார். அங்கே எரிந்தது, மாலையில் வீட்டில் இல்லை.

மூன்றாம் தரம் நானாவும் சலித்துப்போனார். "டீச்சர், பழைய வயர். உப்புக் காத்து எல்லாத்தையும் திண்டுட்டு. முழுக்கக் கழட்டினாலும் சரிவரும் எண்டு நான் பொறுப்புச் சொல்ல ஏலா."

அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை, அக்கா, ஆறுதல். சரி, முடிந்தது, இனி என் கையில் இல்லை. அம்மா கொழும்புக்குப் போவார், நான் ஒரு நாளாவது விடியும்வரை நித்திரை கொள்வேன். பெற்ற தாயைப் பற்றி இப்படி நினைக்கலாமா? நீங்கள் ஒருநாளும் நினைத்ததில்லையா? அவ்வளவு களைப்பு, அக்கா. களைப்பு என்ற சொல்லைச் சொல்லக்கூடக் களைப்பு.

அன்று மாலையும் பழக்கதோஷத்தில் மதிலோடு நிறுத்தினேன். சிக்னல் போட்டபடியே ஹெட் லைட்டை அணைத்தேன். மதிலில் மஞ்சள் விழுந்தது. லைட்டைப் போட்டேன், போய்விட்டது. அணைத்தேன், வந்தது. கோளாறு எங்கே என்று நானாவுக்கு வழி காட்ட இது போதும். கண்டவள் நான் ஒருத்திதான். சொல்லாமல் விட்டாலும் கேட்க ஆளில்லை. நிறைய நேரம் காருக்குள்ளேயே இருந்தேன்.

உள்ளே போனால் அம்மா கட்டிலில் எழுந்து இருக்கிறார். மடியில் செபமாலை. "பிள்ளை, அங்கை இதைக் கொண்டுபோக விடுவினமோ?" என்று கேட்டார். கொழும்பு ஹோமைத்தான் கேட்கிறார்.

காலையில் கராஜ் திறக்கும்போதே போய்ச் சொன்னேன். நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, அப்ப எர்த்து வயர்தான் டீச்சர், துரு பிடிச்சிருக்கும்! நான் பகல்ல ஹெட் லைட் போடாமத்தானே பாத்த." பின் விளக்கின் அடியில் துருவைச் சுரண்டி, புது வயர் ஒன்றைக் காரின் தகரத்தோடு இறுக்கினார். லைட்டைப் போடச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். "எரியுது டீச்சர்! நல்லா எரியுது!" என்று அவர் சத்தம் போட, எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமாக்கும் என்று நினைத்து பிளேன்ரீ எடுப்பித்துத் தந்தார். சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது. இனித் தப்ப வழியில்லை என்பதும் இருந்தது.

இந்த வியாழன் கிளினிக்குக்குப் போய்வந்தோம். ஒழுங்கைக்குத் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து வழிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சேர்டிபிக்கற் மாதிரி. தம்பியிடம் கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று உங்களிடம் கேட்கவேண்டும். நீங்கள் போன அன்று காலை குசினியில் அடுப்பின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, என்னவென்று கேட்டதற்கு "ஒண்டுமில்லை" என்றீர்களே, ஏன்? அம்மாவை ஏற்றி, கிளினிக் காட்டி, திருப்பிக் கொண்டுவந்து இறக்கி, காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்விட்டீர்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் என்ன, உங்களைக் கடித்தா இருப்பேன்? இன்னும் எனக்கு உங்களில் கோபம்தான்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், அக்கா. ஏலாத நாள் வந்தால், "எனக்கு ஏலாது" என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். உங்களைப்போல் ஒன்றும் சொல்லாமல் போகமாட்டேன். சத்தியம்.

அம்மாவின் சின்னவள்,
உங்கள் தங்கச்சி