தண்ணீர் என்று நினைத்த இடம்

12 ஆகஸ்ட் 2024

லேபில் என் பக்கத்தில் இருக்கும் காவேரியின் நாற்காலியில் யாரோ அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவள் கல்யாணமாகி புனே போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள்!

படிகத்தின் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் எது எந்த அணு என்று ஊகித்து ஒருத்தி வைப்பாள், பக்கத்தில் இருப்பவள் "அது எப்படிடி?" என்று நோண்டுவாள். அதுதான் எங்கள் வழக்கம். இனி வைப்பதும் நான், நோண்டுவதும் நான். சண்டை போடக்கூட ஆளில்லை. ஐந்தரைக்கே அடையாறில் பஸ் ஏறிவிட்டேன்.

30 ஆகஸ்ட்

முடித்தேன். புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் கிருமியின் என்சைம், அதன் முழு வடிவம். அளந்த தரவையும் சேர்த்துத் திறந்த தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டேன். உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "கடை போட்டுட்ட, சரி. யார்னா வந்து பாத்தாங்களா?"

14 அக்டோபர்

அந்த என்சைமை அடக்க நான் அமைத்த மூன்றாவது மருந்தும் அதில் ஒட்டவில்லை. என்சைமின் குழிக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறு இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு உட்காரும்படிதானே மருந்தை அமைத்தேன்? ஏன் நகர மாட்டேன் என்கிறது?

கைடு தனபாலன் சார் சொல்லிவிட்டார்: "டிசம்பர் வரைக்கும் பாருங்க எஸ்தர். அப்புறம் இத மூடிடலாம்."

நாலு வருஷம். ச்சே.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு லேபுக்கு வந்தேன். நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

19 நவம்பர்

உருகுவேயிலிருந்து ரொமினா என்று ஒரு மாணவி மெயில் அனுப்பியிருக்கிறாள். என் தரவை இறக்கிப் பார்த்தாளாம். "குழிக்குள் இருக்கும் உங்கள் 214ஆம் தண்ணீர் பக்கத்து அணுக்களோடு ரொம்ப ஒட்டி நிற்கிறது. மக்னீசியமாக இருக்குமோ?"

யாருடி நீ? உன்ன யார் கேட்டா? உலகமே பாக்குற இடத்துல என் மானம் போச்சு.

20 நவம்பர்

அவள் சொன்னதுதான் சரி.

எக்ஸ்-கதிருக்குத் தண்ணீரும் மக்னீசியமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்து அணுக்களின் தூரத்தை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். நான் அளக்கவில்லை. காவேரி இருந்திருந்தால் அன்றைக்கே தலையில் குட்டியிருப்பாள். தண்ணீர் என்றால் தள்ளினால் நகரும். உலோகம் எங்கே நகரும்? மருந்து அதைத் தள்ளக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும்.

தரவைப் பூட்டி வைத்திருந்தால் டிசம்பரில் மூட்டை கட்டியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது. அழுதும்விட்டேன். ரொமினாவுக்கு நன்றி எழுதினேன்.

6 மார்ச் 2025

ஒட்டியது! புது மருந்து மக்னீசியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மக்னீசியம் என்றதும் தனபாலன் சார் டிசம்பரில் மூடாமல் கொடுத்த அவகாசம் வீண்போகவில்லை. திருத்திய வடிவம் ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியைச் சொல்லத் திரும்பிப் பார்த்தேன். அட்டைப்பெட்டிதான் இருந்தது.

7 மார்ச்

ரொமினா தன்னுடைய முதல் வடிவத்தை அனுப்பியிருக்கிறாள். ஏற்றுவதற்கு முன் நான் நோண்ட வேண்டுமாம். அவளுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம் ஆறரை. பெட்டியைத் தரையில் இறக்கி, காவேரியின் நாற்காலியை இழுத்து, வீடியோ காலில் ரொமினா தெரிகிற லேப்டாப்பை அதன்மேல் வைத்தேன்.

எட்டு மணிக்கு அம்மாவின் போன்.

"இன்னாடி, இன்னும் கெளம்பலியா? இவ்ளோ நேரம் அங்க யார் கீறாங்க?"

"ஆள் கீறாங்கம்மா. லேட்டாவும்."