ஜப்பான் காலத்துக் கல்யாணம்

12 மார்ச் 1955, சனி. கோலசிலாங்கூர்.

நான் எழுதும் கதையில் ஜப்பான் காலத்துக் கல்யாணம் ஒன்று வருகிறது. அப்போது மணப்பெண் என்ன உடுத்தியிருப்பாள் என்று கேட்க, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முத்தம்மாவைத் தேடி மாலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். கம்யூனிஸ்டுகளைத் தடுக்க லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதிலிருந்து ஊரடங்குக்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

“துணி ஏது டீச்சர்? லயத்துக்கே ஒரு கூறைச்சேலதான். கட்டிட்டு அடுத்த பொண்ணுக்குக் குடுத்துருவோம்லா,” என்று சிரித்தாள். கல்யாணத்துக்கு மறுநாளே அவள் கணவர் சின்னப்பனை ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

வாசலில் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சின்னப்பன், “ஆள் புடிக்க லோரி வரும்னு, வேல வாங்குற மண்டோர் முன்னாடியே சொல்லிட்டாரு. கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே காட்டுக்குள்ள ஓடிறலாம்னுதான் இருந்தேன்,” என்றார்.

முத்தம்மா திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்டச் சொல்லவே இல்லியே! அப்புறம் ஏன் ஓடல?”

“நீ என் கையப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்ட. எப்படி உருவிட்டுப் போறது?”

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் கழித்து இன்றுதான் அவளுக்கு இது தெரிகிறது.

சயாமில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஊரடங்குச் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. இருந்தாலும் அவர்களைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.