மஞ்சளுக்குள் ஒளித்த நகம்

ஆகஸ்டு 6, செவ்வாய்

அமலாபுரத்தில் சம்பந்தி வீடு. மருமகள் ஹைமாவதியின் முதல் மங்கள கௌரி நோன்பு. சுமங்கலிகள் வரிசையாய்க் காலை நீட்ட, ஒவ்வொருவருக்கும் மஞ்சள் பூசிக்கொண்டே வந்தாள். என் முறை வந்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். "வேண்டாம்மா, வலிக்குது." கௌரி அம்மவார் முன்னாலேயே பொய்! பெருவிரல் நகம் தடித்து, பழுத்து, தூள் தூளாய் உதிருது. அதைப் போய் அந்தப் பொண்ணு கையில் எப்படிக் கொடுப்பேன்? அவள் முகம் சுண்டிப்போச்சு.

அடுத்த வருஷம் நோன்பு நம் வீட்டில். காலுக்கு மஞ்சள் பூசித் தரும் முதல் வாயனத் தாம்பூலம் மாமியாருக்குத்தான். அப்போ என்ன சொல்லித் தப்பிப்பேன்?

ஆகஸ்டு 31

ஹைமா கேட்டே விட்டாள். "அத்தை, என்னைப் பிடிக்கலையா? தொடவே விடலையே?" ஐயோ! காலை நீட்டிக் காட்டிட்டேன்.

"வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் பூசிப் பூசி ஏறின கறைம்மா."

"மத்த ஒம்போது விரலும் மஞ்சள் பூசிக்கலையா அத்தை?"

இத்தனை வருஷமாய்க் கறை என்றே நினைத்திருக்கிறேனே!

செப்டம்பர் 20

ஹைமா கூட்டிப்போன ராஜமுந்திரி தோல் டாக்டரம்மா வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பின நகத்தில் பூஞ்சைதானாம். என் ஈரலுக்கு மாத்திரை ஒத்துக்காது. தினம் நகப்பூச்சு மாதிரி ஒரு மருந்து, கூடவே லேசர். "உடனே போயிடும்னு நினைக்காதீங்க. புது நகம் வளர வருஷம் ஆகும். முழுசா போகும்னு உறுதியும் சொல்ல மாட்டேன். ஈரம் கூடாது. நகத்து மேல மஞ்சளும் கூடாது."

மஞ்சள் கூடாதா!

அக்டோபர் 4, வெள்ளி

மஞ்சள் இல்லாத காலைப் பார்த்து அழுதேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். "என் ஆயுசு உன் கட்டைவிரல்லயா இருக்கு? குதிகால்ல ஒரு கோடு போட்டுக்கோ, நான் அங்க குடியிருந்துக்கிறேன்." நல்ல மனுஷர்.

அக்டோபர் 16

லேசர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சுருக் சுருக்கென்று சூடு. "அம்மா தாயே" என்று விடாமல் சொன்னேன். "அம்மா வந்துட்டா, நீங்க காலை ஆட்டாதீங்க" என்கிறார் டாக்டரம்மா.

ஜனவரி 15

நகம் அப்படியேதான். ஹைமா சலிக்கவில்லை. கையுறை மாட்டி, அரத்தால் தேய்த்து, மருந்து பூசிவிடுகிறாள். பெற்றால்கூட இப்படி ஒரு பொண்ணு கிடைக்குமா?

ஏப்ரல் 11

அடியில் பிறை மாதிரி புது நகம்! ரோஜா நிறம்! எதிர்வீட்டுக்கும் போய்க் காட்டிட்டு வந்தேன். தாயே, உனக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் ஒரு கும்பிடு.

ஜூலை 29, செவ்வாய்

நம் வீட்டில் நோன்பு. நுனியில் இன்னும் கொஞ்சம் பழசு இருக்கு, இருக்கட்டும். நகத்தை விட்டுப் பாதத்துக்குப் பூசலாம் என்று டாக்டரம்மா சொல்லியாச்சு. ஹைமா கையுறை இல்லாமல் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

"அத்தை, காலை இவ்வளவு நீட்டினா நான் எங்க உக்காருவேன்?"