மழைக்கோட்டில் மீந்த பதர்

இன்று காலை உங்கள் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறினேன். பையிலிருந்து ஒரு பிடி பதர் கொட்டியது, அப்போதுதான் பெருக்கிய தரையில். படகோடு எல்லாம் தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

கோவிந்தாபுரத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற மனிதர் நாற்பது வயதில் கொச்சியில் படகு வாங்குவார் என்று கல்யாணத்தின்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. எஞ்சினும் பாயும் சேர்ந்த மோட்டார் செய்லர். "காத்து இல்லீன்னா எஞ்சின், எஞ்சின் நின்னா காத்து. இதுல என்ன பயம் அம்மிணி?" என்றீர்கள். ஆனால் எஞ்சினைப் போட்டால்தானே! காற்று நின்றதும், களத்தில் நெல் தூற்றக் காத்திருப்பதுபோல உட்கார்ந்துவிடுவீர்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். பாய்மர உச்சியில் காற்றுமானி வாங்கிப் பொருத்தினேன். நீங்கள் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. பிஸ்கட் டப்பா நிறையப் பதர் கொண்டுவந்து, ஒரு பிடியை மேலே வீசி, அது சாயும் பக்கம் பார்த்துப் பாயைத் திருப்பினீர்கள்.

மினிக்காய்த் தீவுக்குப் போன பயணத்தின் இரண்டாம் நாள், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் நின்றுபோனது. கணுக்கால் தண்ணீரில் மண்டியிட்டுக் குழாய்க்குள் கைவிட்டேன். வந்தது நம் வயல் பதர். எந்தப் பக்கமும் கரை இல்லை.

"ஏனுங்க, நடுக்கடல்ல பதர் அடைச்சு செத்தாங்கன்னா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். தண்ணி இறங்குது பாரு."

மறுநாளும் வீசினீர்கள்.

கடல்தான் உங்களைக் கொண்டுபோகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீங்கள் தோப்பில் மடை திருப்பும்போது விழுந்தீர்கள், எழவே இல்லை. படகு என் தலையில் விழுந்தது. இரண்டு மழைக்காலம் அது கட்டிய இடத்திலேயே பாசி பிடித்தது. மூன்றாவது மழைக்கு முன் விற்றே தீருவது என்று முடிவெடுத்தேன்.

போன மாதம் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். ஓட்டிக் காட்டுவதற்காகக் கடலுக்குக் கூட்டிப்போனேன். பாயில் ஓடுமா என்று கேட்டார். எஞ்சினை நிறுத்தினேன். காற்றே இல்லை.

"எஞ்சினைப் போடுங்க மேடம், வெயில் கொளுத்துது."

"பொறுங்க, வரும்."

இதைச் சொன்னது நான்தான். அந்த எரிச்சலிலேயே டப்பாவைத் திறந்து ஒரு பிடி வீசினேன். அத்தனையும் நேராக அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. இனி இவர் வாங்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது பிடியையும் வீசினேன். அது கரைப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. பாயை ஏற்றினேன். படகு நகர்ந்தது. என் காற்றுமானி பூஜ்யத்திலேயே நின்றது.

சட்டையைத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "ஏனுங்க மேடம், அந்த டப்பாவும் படகோட சேர்த்தித்தானுங்களே?"

"முதல்ல அதை எடுத்துட்டுப் போங்க. பம்ப்ல மட்டும் விழாம பாத்துக்குங்க" என்றேன்.

அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன். இன்று பார்த்தால் தரையெல்லாம் பதர். முறத்தில் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். சாலையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பிடி வீசினேன்.

கிழக்கே சாய்ந்தது. மழைக்காற்று வந்துவிட்டது. உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றபடி அந்த பம்ப் விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது.