அந்த ஒரு மணி நேரத்துக்குச் சில இணையதளங்கள்

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

எழிலுக்கு, அன்புச்செல்வன் எழுதுவது.

நான் நலம். அத்தைக்கு, அதான் உன் அம்மாவுக்கு, முட்டிவலி கொஞ்சம் கம்மி. நீ நலமா என்று கேட்கவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை மடித்துப் போடுகிறவளுக்குக் கால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

உங்கள் ஜவுளிக்கடை விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள். அதை என் பேச்சு தின்ன வேண்டாம் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். அடுத்த வாரம் டிவி சேனலில் ஒலிப்பதிவு உதவியாளர் வேலைக்கு நேர்காணல். வருகிறவர்கள் எல்லாம் அதற்கென்றே காலேஜ் படித்தவர்கள், எனக்கு ஒன்றும் தெரியாது, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாயே, அதற்கான பதில் இது.

முதலில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தளத்துக்குப் போ. அனுமதி பெற்ற சேனல்களின் பட்டியல் இருக்கும். உன்னைக் கூப்பிட்ட சேனல் எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது என்று பார். அடுத்தது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம். ஒரு சேனல் வீட்டுக்கு வந்து சேர யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உள்ள அறிக்கைகளில் இருக்கிறது. கேபிள் இழுக்கிற எனக்கே அதைப் படித்த பிறகுதான் என் வேலை புரிந்தது. இங்கிலீஷ் கடினம், மெதுவாகப் படி. பார்க் என்று ஒரு தளம். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் போடுகிறார்கள். சில வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கிற கணக்கு அது. வெள்ளிமலை வரை வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் நான். எந்தக் காலனி வீட்டிலும் அந்த மீட்டரைப் பார்த்ததில்லை. நேர்காணலில் இதைச் சொல்லாதே. வேலை கிடைத்த பிறகு சொல்.

இதையெல்லாம் தேடும்போது அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஞாயிறு சாயங்காலம் ஊர்த்தெருவில் தெய்வசிகாமணி வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்று ஜன்னல் வழியே படம் பார்ப்போம். சாணி அள்ளினால்தான் நிற்க விடுவார்கள். படம் சூடு பிடிக்கிற நேரத்தில் அந்த வீட்டம்மா ஜன்னலைச் சாத்துவார். மற்ற பிள்ளைகள் கலைந்து போவார்கள். நீ சுவரில் காதை வைத்துக்கொண்டு, இப்போ கேட் தொறக்குது, வந்தவன் செருப்பு போடல, அவ அழல, சும்மா நடிக்கிறா என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாய்.

பிறகு அரசாங்கம் இலவச டிவி கொடுத்தது. கேபிள்காரர் மாரியம்மன் கோயிலோடு வயரை நிறுத்திக்கொண்டார், காலனிக்கு வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். நான் இழுத்த முதல் லைன் உன் வீட்டுக்கு. அன்றைக்கு ஜன்னலில் பாதி பார்த்த படம் ஒன்று ஓடியது. முழுசாகப் பார்த்துவிட்டு, நாம கேட்டதுதான் நல்லா இருந்துச்சு என்று சொன்னாய். எனக்கும் அப்படித்தான். அந்த வீட்டம்மா மேல் இன்னும் ஆத்திரம் இருக்கிறது. அந்தச் சாயங்காலங்கள் திரும்ப வேண்டும் போலவும் இருக்கிறது. காதால் படம் பார்த்தவள் நீ. உனக்கு ஒன்றும் தெரியாது என்று இனி எழுதாதே.

அத்தை நேற்று என்னை உட்காரவைத்து, அவள வூட்டுக்கு வரச் சொல்லு, டிவி கம்பெனில அவளுக்கு இன்னா வேல, ஆவணில கல்யாணத்த முடிச்சிடலாம், நீ எழுதினா கேப்பா என்றார். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன். மாப்பிள்ளை சொந்தத்தில்தானாம். இங்கேயே கேபிள் வேலை பார்க்கிறவனாம். அவனைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன், கெட்டவன் இல்லை. அவனுக்காக வந்துவிடாதே.

கடைசியாக ஒரு தளம், ஃப்ரீசவுண்ட். உலகத்தில் யார் யாரோ பதிவு செய்த மழை, ரயில், கதவுச் சத்தமெல்லாம் இருக்கிறது. கோமுகி அணை மதகில் தண்ணீர் விழும் சத்தத்தைப் போனில் பதிந்து நானும் ஏற்றியிருக்கிறேன். நேர்காணல் முடியும்வரை எனக்குப் போன் செய்யாதே. படித்தது போக நேரம் மிஞ்சினால் அதைக் கேள். தண்ணீரோடு என் மூச்சும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை.

நீ கற்றுக்கொண்டதும் வெட்டிவிடு. தைரியமாகப் போய் வா.

இப்படிக்கு,
அன்புச்செல்வன்