வடிவு போட மறுக்கும் கையெழுத்து

காஞ்சிபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆனந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். என் சுகத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை முதலில் திருத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பயந்துதான் நான் நாள் தள்ளுகிறேன் என்று உன் சித்தப்பா ராமராஜன் உன்னிடம் சொன்னாராம். எனக்குப் பயம் இல்லை. வீடியோ காலில் உன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதில்லை, அதனால் எழுதி, அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டு உஸ்மானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கர்ப்பப்பை எடுத்த தழும்பில் போன வருஷம் ஒரு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். மகனிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டி, மேலே பட்டு உடுத்தி மாதா கோவில் பூசைக்குப் போய்வந்தேன். முழங்கால் போட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்ததைத் திமிர் என்றார்கள், சொல்லட்டும் என்று விட்டேன். ஒருநாள் நான் வாந்தியெடுப்பதைப் பார்த்த உஸ்மானின் அம்மா சைதுன், "இன்னாமா, மூட்டை கட்ற மாதிரி வயித்தக் கட்டி வச்சிக்கினு இருக்குற, டாக்டராண்ட காட்டாம யாருக்கு மறைக்கிற" என்று அதட்டி ஆட்டோவில் ஏற்றினாள். டாக்டர் குடலிறக்கம் என்றார். பழைய தையல் விட்ட இடத்தில் குடல் பிதுங்குகிறது, சும்மா இழுத்துத் தைத்தால் கரை விட்ட புடவை மாதிரி பக்கத்திலேயே மறுபடி விட்டுவிடும், உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும், குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இனிமேல் கட்டி மறைக்காதீர்கள் என்றார். உடனே சரி என்றேன்.

கூட ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து வந்த உன் அக்கா வடிவு பேனாவை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். "அப்பா ஆபரேஷனுக்குப் போட்டேன், அப்பா திரும்பி வரல. நீதான் சாவடிச்சேன்னு தம்பி கத்தினான். இன்னொரு தபா அதக் கேக்க என்னால ஆகாதுமா" என்று அழுதாள். ராமராஜன் போடத் தயார்தான். ஆனால் பெற்ற மகள் வெளியே நின்று அழ, இன்னொருவர் கையெழுத்தில் மேஜைமேல் படுக்க எனக்கு மனமில்லை. உன் அப்பா இருதயம் நின்று இறந்தார், அவள் கையெழுத்தால் அல்ல. துக்கத்தில் சொன்னாய், இன்றுவரை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, மதியச் சாப்பாட்டைத் தள்ளாதே. ஆண்டவர் உங்களைத் தம் நிழலில் வைத்திருப்பாராக. "அம்மாவுக்கு என்ன நேர்ந்தாலும் உன்மேல் பழியில்லை" என்று அக்காவுக்கு உன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. போனில் சொன்னால் போதாது. எழுத்தில் பதில் போடு.

உன் அம்மா
அமலோற்பவம்