முப்பத்தேழு பறவைகள்

சூரத்
3-11-1973

அன்புள்ள பாரதிக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் அம்மாவும் சுகமாக இருக்க முருகன் துணை. சேலைக் கட்டுகளை லாரியில் ஏற்றிவிட்டேன் என்று கடையில் சொல்லவும்.

தம்பி அய்யாதுரை எழுதியிருக்கிறான். நீ என் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி அடையாறு முகத்துவாரத்துக்குத் தனியாகப் போகிறாயாம். என்னோடு வந்தது வேறு. தி. நகரில் நம் ஜவுளிக்கடையை அறியாதவர் யார்? நான் திரும்பும்வரை நிறுத்தி வை.

ஜனவரியில் மயிலாப்பூர்ப் பறவைச் சங்கத்தில் அவரவர் இதுவரை பார்த்த பறவைகளின் பட்டியலை வாசிப்பார்கள். என் நோட்டில் உள்ளதைப் பிரதி எடுத்து அனுப்பு. சங்கச் செயலாளர் கோதண்டபாணிக்கு 205. எனக்கு 212. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சிதம்பரநாதன்


தி. நகர்
12-11-1973

அன்புள்ள அத்தானுக்கு,

பாரதி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்குத்தான் முட்டிவலி. எண்ணெய் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை, பிள்ளைக்கேற்ற அப்பா. சூரத்தில் பருப்பிலும் சர்க்கரை போடுகிறார்களாமே, எப்படித்தான் இறங்குகிறதோ.

பிரதி எடுத்தேன். 175தான் வந்தது. மீதி முப்பத்தேழும் நீங்கள் பார்க்காதவை. ஆறுமணிக்குருவி பறந்தபோது நீங்கள் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தீர்கள். பூநாரை இறங்கியபோது டீ குடிக்கப் போயிருந்தீர்கள். நான் பார்த்தேன், சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். "ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு பட்டியல் போதும், குடும்பத் தலைவர் பேரில்" என்று சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. சொந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்ற சங்கத்து விதியை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்.

அந்த முப்பத்தேழையும், நாம் சேர்ந்து பார்த்த 149ஐயும் என் பேரில் தனி நோட்டில் எழுதிவிட்டேன். எனக்கு 186.

முகத்துவாரத்துக்குப் போகத்தான் போகிறேன். அத்தானுக்காக எந்தப் பறவையும் காத்திருக்காது.

உங்கள்,
பாரதி


சூரத்
20-11-1973

ஜெயபாரதிக்கு,

புருஷன் பெண்டாட்டிக்குள் உன்னது என்னது என்று என்ன கணக்கு? 175ஐ வாசித்துவிட்டு நான் சங்கத்தில் தலைகாட்ட முடியுமா? 212ஐ அப்படியே எழுதி அனுப்பு.

பைனாகுலரைப் பூட்டச் சொல்லி அப்பாவுக்கு எழுதிவிட்டேன். டிசம்பர் 9 ஞாயிறு காலை சென்ட்ரலில் இறங்குகிறேன். அதற்குள் ஒரு நாள் ஆற்றுப் பக்கம் போனாய் என்று தெரிந்தாலும், நேராகத் திருநெல்வேலியில் உன் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்.

சிதம்பரநாதன்


தி. நகர்
30-11-1973

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் 'அன்புள்ள'வை விட்டுவிட்டீர்கள். எனக்கு விட மனம் வரவில்லை.

மாமா பைனாகுலரைக் கடை இரும்புப்பெட்டியில் பூட்டிவிட்டார். வெறுங்கண்ணோடு போனேன். கரையில் மீன் விற்கும் தேவானை, "இன்னாம்மா, கண்ணாடி இல்லாம வந்துகீற? அந்தாண்ட பாரு, புச்சா ஒண்ணு நின்னுக்கினு கீது" என்றாள். பார்த்தேன். சிப்பிபிடிப்பான், சிவந்த நீள மூக்கு. 187.

நேற்று கோதண்டபாணி சார் வீட்டுக்குப் போய் இரண்டு பட்டியலையும் கொடுத்துவிட்டேன். "பொம்பளைகள் தனியா பட்டியல் தந்த வழக்கம் இல்லையேம்மா" என்றார். "பார்க்காததை எழுதித் தருகிற வழக்கம் உண்டா சார்?" என்று கேட்டேன். இரண்டையும் வாங்கிக்கொண்டார். உங்கள் 175ஐ அவர் கையில் கொடுத்தபோது எனக்கு வலித்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஒன்பதாம் தேதி நீங்கள் சென்ட்ரலில் இறங்கும் நேரம் நான் ஆற்றங்கரையில் இருப்பேன். என் டிரங்குப் பெட்டியைக் கட்டி முன்னறையில் வைத்திருக்கிறேன். அதைத் தூக்கி டாக்ஸியில் வைப்பதா, வெறுங்கையோடு கரைக்கு வருவதா என்பது உங்கள் பாடு. திருநெல்வேலி என்றாலும் சரிதான். தாமிரபரணிக் கரையில் பேர் தெரியாமல் விட்டுவிட்டு வந்த பறவைகள் எனக்கு எத்தனையோ உண்டு.

ஜெயபாரதி